சென்னையில் கச்சேரியும் நாடகமும்: முதல்முறை போகிறவர்கள் கேட்பவை

கார்த்திகை முடிகிற வாரம் வந்தால் என் கைப்பேசிக்கு வேலை அதிகம். புதிதாகச் சென்னைக்கு மாற்றலாகி வந்தவர்கள், இருபது வருடமாக இங்கேயே இருந்தும் ஒரு சபா (கச்சேரியும் நாடகமும் நடத்துகிற கலை அமைப்பு) வாசலைக்கூட மிதிக்காதவர்கள், ஓய்வு பெற்ற கையோடு "இனிமேலாவது" என்று கிளம்புகிறவர்கள், எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதியது இது. நான் பாடகனோ நடிகனோ இல்லை. பல வருடம் பின் வரிசையில் உட்கார்ந்த பழக்கம்தான் என் தகுதி.

எனக்கு ராகம், தாளம் எதுவும் தெரியாது. போனால் அசடு வழிவேனோ?

மாட்டீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறவரின் மடியைப் பாருங்கள். பாட்டின் முதல் வரியைக் கொண்டு ராகம், தாளம், இயற்றியவர் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் புத்தகம் ஒன்று இருக்கும். பாட்டு தொடங்கியதும் அரங்கம் முழுக்க ஒரு சரசரப்பு கேட்கும், தேர்வு அறையில் வினாத்தாள் திருப்புகிற மாதிரி. இப்போது அது கைப்பேசி வெளிச்சமாக மாறிவிட்டது. மேடையில் இருப்பவர்கள் என்ன பாடப்போகிறோம் என்று பெரும்பாலும் சொல்வதில்லை, அதனால் பாதிப் பேர் ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ராகம் தெரிந்துகொண்டு போகலாம் என்று காத்திருந்தால் போகவே மாட்டீர்கள். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது. சினிமாப் பாட்டு வழியாகக் கல்யாணியையும் மோகனத்தையும் பிடித்தவர்கள் ஏராளம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு ராகத்தை நான்கு பேர் வாயால் நான்கு நாள் கேட்டால், ஐந்தாம் நாள் "இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே" என்று தோன்றும். ராக ஞானம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் ஏன் மார்கழியிலேயே வைக்கிறார்கள்?

மார்கழி என்றால் பக்தி மாதம், அதனால் கச்சேரி என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. விடியற்காலையில் திருப்பாவை, திருவெம்பாவை, மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை எல்லாம் பழைய வழக்கம். பாபநாசம் சிவன் அந்த வீதிகளில் பாடிக்கொண்டு போனதை நேரில் கேட்ட தலைமுறை சமீபம்வரை இருந்தது. ஆனால் சபா சீசன் டிசம்பரில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் காங்கிரஸ். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அங்கே எடுத்த முடிவின்படி 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. ஆண்டுதோறும் மாநாடு, அதோடு கச்சேரிகள் என்று அகாடமி தொடங்க, மற்ற சபாக்களும் அந்தத் தேதிகளைச் சுற்றிச் சேர்ந்துகொண்டன. போதாததற்குச் சென்னையில் மனிதன் வியர்க்காமல் உட்காரக்கூடிய மாதமும் அதுதான்.

2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது. அதற்கு முக்கியமான காரணம் இந்த ஒரு மாதக் கூத்துதான்.

எந்த சபாவில் தொடங்குவது?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சபாவில். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, "நல்ல சபா எது?" என்று மறுபடி கேட்பார்கள். அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மியூசிக் அகாடமி டி.டி.கே. சாலையின் முனையில் இருக்கிறது. டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை அங்கே இசை விழா, பிறகு நாட்டிய விழா. சங்கீத கலாநிதி விருது அங்கே தருவது. 1968-இல் அதைப் பெற்ற எம்.எஸ். சுப்புலட்சுமிதான் முதல் பெண். ஒலியமைப்பும் ஒழுங்கும் அங்கே நன்றாக இருக்கும். ஆனால் முதல் கச்சேரிக்கு அங்கே போனால், புதிதாகப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருப்பீர்கள்.

அதே சாலையில் கொஞ்சம் தள்ளி நாரத கான சபா. தி. நகர்ப் பக்கம் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும். கிருஷ்ண கான சபாவின் நாட்டிய கலா மாநாடு 1981-இல் தொடங்கியது. பரதநாட்டியம் பிடித்தவர்கள் காலை நேரத்தை அதற்கு ஒதுக்கிவைப்பார்கள். மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், பாரதிய வித்யா பவன் எல்லாம் நடக்கிற தூரத்தில். ஒன்றில் பிடிக்கவில்லை என்றால் எழுந்து இன்னொன்றுக்கு நடந்துவிடலாம். இந்த வசதியால்தான் புதியவர்களுக்கு நான் மயிலாப்பூரைச் சொல்வேன்.

இரண்டு இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லையா என்று நாற்பதுகளில் பெரிய சண்டை நடந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்த, கல்கி, ராஜாஜி, ரசிகமணி டி.கே.சி. எல்லாம் ஆதரவாக நின்றார்கள். அந்தச் சண்டையில் பிறந்தது 1943-இல் தமிழ் இசைச் சங்கம். அதன் விழா இந்த மன்றத்தில்தான் நடக்கிறது. பாட்டின் சொல் புரியவில்லை என்பதுதான் உங்கள் தடை என்றால் இங்கே தொடங்குங்கள். தேவாரத்தைப் பண்ணோடு கேட்கவும் இதுவே இடம்.

இன்னொன்று திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கியது. அதன் அரங்கம் கேரளத்துக் கோயில்களின் நாடக அரங்கமான கூத்தம்பலத்தின் சாயலில் கட்டியது, சுற்றிலும் மரங்கள். நாட்டிய நாடகத்தை முதலில் அங்கே பார்த்துவிட்டு, பிறகு வேறிடத்தில் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பெரிய வித்வான்களின் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. வேறு வழி?

மத்தியானம் போங்கள்.

நான் யாரிடமும் வற்புறுத்துகிற விஷயம் இது ஒன்றுதான். சீசனில் பல சபாக்கள் நண்பகலிலிருந்து மாலைவரை வரிசையாகக் கச்சேரி வைக்கின்றன. முன்னேரத்து மேடைகள் இளையவர்களுக்கு, பெரும்பாலும் இலவசம். அரங்கில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். அதில் பத்துப் பேர் பாடுகிறவரின் உறவினர், இரண்டு மூன்று பேர் உண்ட மயக்கத்தில். மேடையில் இருபது வயதுப் பெண் ஒருத்தி. வருடம் முழுக்க இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகப் பயிற்சி செய்தவள். அவள் தோடி ராகத்தை எடுக்கும்போது தொண்டை லேசாக நடுங்கும். பக்கத்தில் வயலின் வாசிக்கிற பையன் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான். நான்காவது நிமிடம் குரல் நிலைகொள்ளும், அவளுக்கே தெரியாமல் ஒரு பிடி வந்து விழும். அரங்கில் இருக்கிற முப்பது பேரும் நிமிர்வோம். தூங்கினவரும் "ஆஹா" என்பார்.

மாலைக் கச்சேரியில் முப்பதாவது வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்க்க முடியாது. மத்தியானத்தில் இரண்டாவது வரிசையில் உட்காரலாம். மிருதங்கக்காரர் வார் தட்டிச் சுருதி சேர்ப்பது, பாடகி தொடை மேல் தாளம் போடும் கை, பின்னால் தம்புரா மீட்டுகிற மாணவியின் உதடு கூடவே முணுமுணுப்பது எல்லாம் தெரியும். இன்றைக்கு மாலை ஆறரை மணிக்குப் பாடுகிற ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் மத்தியானம் பாடியவர்கள்தாம். அப்போது அந்த முப்பது பேரில் ஒருவராக இருந்தவர்கள் பிறகு ஆயுளுக்கும் அதைச் சொல்லிக்கொண்டு திரிவார்கள். நானும் அந்த வகைதான், யாரென்று இங்கே சொல்லாமல் அடக்கிக்கொள்கிறேன்.

மத்தியானத்தில் சுமாரான கச்சேரிகளும் உண்டு. அதற்கென்ன, அரை மணியில் எழுந்து அடுத்த சபாவுக்குப் போகலாம். பணமும் போகவில்லை.

சரி, மாலைக் கச்சேரிக்கே போக வேண்டும். டிக்கெட்டுக்கு என்ன செய்வது?

சபாக்களில் உறுப்பினர், சீசன் டிக்கெட், தினசரி டிக்கெட் என்று மூன்று அடுக்கு. முன் வரிசைகள் முதல் இரண்டு வகையினருக்குப் போய்விடும். தினசரி டிக்கெட்டைச் சில சபாக்கள் இணையத்தில் முன்கூட்டியே விற்கின்றன, சில வாசலில் மட்டும் தருகின்றன. பால்கனியையும் பின் வரிசையையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். பல அரங்குகளில் ஓசை மேலே நன்றாகவே வருகிறது, கட்டணமும் குறைவு. முழு சீசனுக்கும் டிக்கெட் வாங்குவதை முதல் வருடம் தவிர்த்துவிடுங்கள். வாங்கினோமே என்பதற்காகப் போய் உட்காருவது அலுவலகம் போகிற மாதிரி ஆகிவிடும்.

நிகழ்ச்சி நிரலுக்கு நாளிதழில் வரும் அன்றாட நிகழ்ச்சிப் பட்டியல், சபா வாசல் பலகை, சீசனில் கையில் கிடைக்கும் நிகழ்ச்சி நிரல் புத்தகங்கள். இவற்றைவிட நம்பகமானது முன் வரிசை மாமாக்கள். யார் இந்த வருடம் நல்ல குரலில் இருக்கிறார், யாருக்கு ஜலதோஷம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

கச்சேரி எந்த வரிசையில் போகும்? எப்போது என்ன எதிர்பார்க்கலாம்?

இப்போது நாம் கேட்கிற அமைப்புக்கு உருவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார். முன்காலத்தில் ஒரு ராகத்தையும் பல்லவியையும் மணிக்கணக்கில் விரிப்பது வழக்கம். அவர் அதைச் சுருக்கிப் பல உருப்படிகளை அடுக்கி, கேட்கிறவருக்கு அலுப்புத் தட்டாதபடி ஒரு பந்தி மாதிரி பரிமாறினார்.

தொடக்கத்தில் வர்ணம், குரலும் விரலும் சூடேற. பிறகு விறுவிறுப்பான கீர்த்தனை ஒன்றிரண்டு. அடுத்துச் சற்றே விரிவான ஒன்று. ரசிகர்கள் அதைச் 'சப்மெயின்' என்பார்கள். இடையில் வேகமான சின்ன உருப்படி ஒன்று வந்தால், பெரிய அலைக்கு முன் ஒரு மூச்சு வாங்கல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 'மெயின்'. முதலில் ராக ஆலாபனை, சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் கட்டி எழுப்புவது. பாடகர் ஒரு சுற்று, வயலின் ஒரு சுற்று. பிறகு கீர்த்தனை. அதில் ஏதோ ஒரு வரியை எடுத்துத் தாளத்துக்குள் விதவிதமாகப் பாடுவார்கள், அது நிரவல். பிறகு ஸரிகமபதநி என்று அந்த நிமிடத்தில் கோர்க்கும் கற்பனை ஸ்வரம். ஆலாபனை, நிரவல், ஸ்வரம் மூன்றும் எழுதிவைத்துப் பாடுவதில்லை. அதே பாட்டை நாளை வேறு சபாவில் அவரே பாடினாலும் வேறாக இருக்கும். வீட்டில் ஒலிப்பதிவு இருக்கும்போது நேரில் எதற்குப் போக வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இந்த மூன்றும்தான்.

மெயினுக்குள் தனி ஆவர்த்தனம், பாட்டு நிற்க தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது. சில நாள் ராகம் தானம் பல்லவியும் உண்டு, ஒரே ஒரு பாட்டு வரியை வைத்து விரிவாகப் பாடுவது. கடைசியில் துக்கடாக்கள்: விருத்தம், திருப்புகழ், பாரதி பாட்டு, தில்லானா. சிலர் இந்தக் கடைசி இருபது நிமிடத்துக்காகவே வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விருத்தத்தில் கண் கலங்கியவன் நான்.

எல்லோரும் தொடையில் தட்டுகிறார்களே, அது என்ன கணக்கு?

பெரும்பாலும் ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை. இப்போது நான்கு ஆயிற்று. பிறகு ஒரு தட்டு, ஒரு திருப்பு. மறுபடி ஒரு தட்டு, ஒரு திருப்பு. எட்டு முடிந்தது, மறுபடி முதலிலிருந்து. ரூபகத்தை இரண்டு தட்டு ஒரு திருப்பு என்று மூன்றாகப் போடுவார்கள். மிஸ்ர சாப்பு ஏழு, கண்ட சாப்பு ஐந்து.

ஒரு வாரம் மத்தியானக் கச்சேரியில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கையைப் பார்த்தே போடுங்கள். தப்பினால் பரவாயில்லை, சத்தம் வராமல் தப்புங்கள். தாளம் பிடிபட்டதும் கச்சேரியில் பாதி திறந்துகொள்ளும். ஸ்வரம் பாடுகிறவர் எங்கெங்கோ போய்ச் சரியான இடத்தில் வந்து இறங்குவது, வயலின்காரர் புருவத்தைத் தூக்குவது எல்லாம் அப்போதுதான் புரியும்.

தனி ஆவர்த்தனத்தின்போது பலர் எழுந்து போகிறார்கள். நானும் போகலாமா?

கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை, ஆனாலும் கூடாது. ஒன்றரை மணி நேரம் பாட்டுக்கு நிழலாக இருந்த மிருதங்கக்காரருக்கும் கடக்காரருக்கும் கிடைப்பது அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம். அப்போது கூட்டம் கேன்டீனுக்குப் படையெடுக்கிறது. இருக்கைகள் படபடவென்று மடங்குகிற சத்தத்தோடு போட்டி போட்டு வாசிக்கிறார்கள். எனக்கு இதில் ரத்தக் கொதிப்பு ஏறும், அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். உட்கார்ந்து எட்டை எண்ணிக்கொண்டே இருங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் கேள்வி பதில் போட்டு, அளவு குறைந்துகொண்டே வந்து, இருவரும் சேர்ந்து ஒரு கோர்வையை (முடிப்புக் கணக்கை) மூன்று முறை அடித்து, பாட்டு விட்ட இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும்போது உடம்பு தானாக முன்னால் சாயும்.

எப்போது கைதட்டுவது?

பாட்டு முடிந்ததும், வயலின் ஆலாபனை முடிந்ததும், தனி முடிந்ததும். நடுவில் நல்ல இடம் வந்தால் "பலே", "சபாஷ்", அல்லது நாக்கால் ஒரு "த்ச்சு". தமிழில் அந்த ஒலிக்குப் பரிதாபம் என்றும் பொருள், பாராட்டு என்றும் பொருள்; முகத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கேன்டீனைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே?

பேசத்தான் வேண்டும். சீசனில் சபா வளாகத்தில் பெயர் பெற்ற சமையல்காரர்கள் பந்தல் போட்டு இறங்குவார்கள். அடை அவியல், கீரை வடை, அக்காரவடிசில், டிகிரி காபி. பாட்டுக் கேட்காமல் சாப்பிட மட்டும் வருகிறவர்கள் உண்டு, அவர்களைத் தடுப்பாரும் இல்லை. மத்தியான இலவசக் கச்சேரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளியில் போனால் கூட்டம் குறைவு. அங்கே பக்கத்து இலைக்காரர் சொல்லும் விமர்சனம், மறுநாள் பத்திரிகையில் வருவதைவிடக் காரமாக இருக்கும்.

கர்நாடக இசை மட்டும்தானா சென்னை?

அப்படி ஒரு தோற்றம் இருக்கிறது, ஏனென்றால் பேப்பரில் இடம்பிடித்தவர்கள் அவர்கள். இந்த ஊரின் சொந்த இசை என்றால் நான் கானாவைத்தான் சொல்வேன். வட சென்னையில் சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து, இறந்தவர் கதையைச் சொல்லிப் பாடுவதில் வளர்ந்தது. கேலியும் துக்கமும் ஒரே மூச்சில் வரும். சினிமா அதிலிருந்து எடுத்துக்கொண்டது துள்ளலை மட்டும்தான். 2018-இல் இயக்குநர் பா. ரஞ்சித் முன்னெடுப்பில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடை ஏறியது. கானாவும் பறையும் கிதாரும் சேர்ந்து சாதியைக் கேள்வி கேட்டன. 2020 டிசம்பரிலிருந்து அவருடைய நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' நடத்துகிறது. மார்கழி யாருடையது என்கிற கேள்வி அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அதற்கு முன்பே, 2015-இல், பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒரு விழா தொடங்கினார்கள். மீனவர் குடியிருப்பில், ஒரே மேடையில் பறையாட்டமும் கர்நாடக இசையும். பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கி, சில ஆண்டுகளில் நின்று, 2023-இல் திரும்பி வந்தது. பூங்காக்களிலும் மைதானங்களிலும் கரகாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். பறை அடிக்கும் இடத்தில் நாற்காலியில் உட்காராதீர்கள். பத்தடி தூரத்தில் நில்லுங்கள், அது நெஞ்சுக்கூட்டில் கேட்க வேண்டிய வாத்தியம்.

நாகஸ்வரத்துக்குச் சபாவைவிடக் கோயில் நல்லது. பங்குனியில் மயிலாப்பூர் கபாலீசுவரர் புறப்பாட்டின்போது கோபுர வாசலில் நின்று, சாமி புறப்படும்போது வாசிக்கிற மல்லாரி கேளுங்கள். நாகஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்காகப் பிறந்தவை. குளிரூட்டிய அரங்கில் ஒலிபெருக்கி வைத்து அவற்றைக் கேட்பது, யானையைக் கூடத்தில் கட்டின மாதிரி.

தமிழ் நாடகம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாத இரண்டு மூன்று குடும்பங்களாக.

முதல் குடும்பம் சபா நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபா தொடங்கியபோது, படித்தவர்கள் மேடை ஏறுவதே கேவலம் என்கிற காலம். அந்த வழியில் வந்த அமெச்சூர் குழுக்களில் ஒன்று ஒய்.ஜி. பார்த்தசாரதி 1952-இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், இன்றும் ஒய்.ஜி. மகேந்திரன் அதை நடத்துகிறார். அலுவலகம் முடிந்து மாலையில் ஒத்திகை, வார இறுதியில் மேடை. கே. பாலசந்தர், சோ, மௌலி, காத்தாடி ராமமூர்த்தி எல்லாம் இந்த மரபு. கிரேசி மோகன் 2019-இல் மறைந்த பிறகும், அவர் தம்பி மாது பாலாஜி அந்தக் குழுவை நடத்திவருகிறார். அவர் நாடகங்களில் கதாநாயகியின் பெயர் எப்போதும் ஜானகிதான். சோபா, தொலைபேசி, உள்ளே வர ஒரு கதவு என்று மூன்றே பொருள்களை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வயிறு நோகச் சிரிக்கவைப்பது லேசான வேலை இல்லை. கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் புதிய சபா நாடகங்கள் வரிசையாக வரும்.

இரண்டாவது குடும்பம் நவீன நாடகம். ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறை தொடங்கினார். சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவர், புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, நடிகனின் உடம்புதான் நாடகம் என்ற முடிவுக்கு வந்தவர். நடிகர் பசுபதி அங்கே பயின்றவர். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போனவர். ஞாநியின் பரீக்ஷா 1978, பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984. 1980-இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை, மேடையும் திரையும் இல்லாமல் தெருவில் நாடகம் போடலாம் என்ற தைரியத்தைப் பலருக்குத் தந்தது. மங்கையின் மரப்பாச்சி, பாலகிருஷ்ணனின் தியேட்டர் நிஷா என்று தொடர்ச்சி இருக்கிறது. ஆங்கில நாடகம் பிடித்தவர்களுக்கு 1955-இலிருந்து மெட்ராஸ் பிளேயர்ஸ்.

இவற்றுக்கு நுங்கம்பாக்கம் அலையன்ஸ் பிரான்சேஸ், எழும்பூர் மியூசியம் தியேட்டர், பெசன்ட் நகரில் நடனக் கலைஞர் சந்திரலேகாவின் 'ஸ்பேசஸ்' ஆகிய இடங்களைக் கவனியுங்கள். மியூசியம் தியேட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். நாடகம் சுமாராக இருந்தாலும் கூரையையும் வளைவுகளையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நவீன நாடகம் ஒன்று பார்த்தேன், ஒன்றுமே புரியவில்லை.

எனக்கும் பலமுறை அப்படி. சில நாடகங்கள் புரியாததற்குக் காரணம் நீங்கள் இல்லை, நாடகம்தான். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முடிந்தவுடன் ஓடாமல் இருங்கள். சின்ன அரங்குகளில் நடிகர்கள் வேர்வை துடைத்துக்கொண்டே வெளியே வந்து நிற்பார்கள். "அந்தக் காட்சியில் ஏன் எல்லோரும் முதுகைக் காட்டினீர்கள்?" என்று நேராகக் கேட்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வந்திருந்ததே நாற்பது பேர், அதில் ஒருவர் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்ற சந்தோஷம்தான் முதலில் முகத்தில் தெரியும். முதுகுக்கான காரணம் அதற்குப் பிறகு வரும்.

ஒன்று மட்டும். இங்கே தாமதமாகப் போகாதீர்கள். சபாவில் பாட்டுக்கு நடுவில் கதவோரம் நின்று பாட்டு முடிந்ததும் நுழையலாம். ஐம்பது நாற்காலி அரங்கில் நீங்கள் நுழைவதே ஒரு காட்சியாகிவிடும்.

தெருக்கூத்து பார்க்க வேண்டும். சென்னையிலேயே முடியுமா?

விழாக்களில் ஒரு மணி நேரத் துண்டு கிடைக்கும். அது ருசி பார்க்க மட்டும். கூத்து என்றால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை. அதற்குத் திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போக வேண்டும். திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. செய்யாறுப் பக்கம் புரிசை, கூத்துக்குப் பெயர்போன ஊர்.

கட்டியக்காரன் வந்து கதை சொல்வான், ஊர் வம்பும் பேசுவான், ராஜாவையும் கலாய்ப்பான். வேஷக்காரர் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று தன் பாட்டைப் பாடி, திரைக்கு மேலே கிரீடத்தை மட்டும் காட்டி, வெகு நேரம் காக்கவைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். கிரீடமும் புஜக்கட்டையும் மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்தவை, விளக்கொளியில் நெருப்பு மாதிரி இருக்கும். மூன்று மணிக்குத் தூக்கம் சொக்கும், அதற்காகத்தான் ஊரார் பாய் கொண்டுவருகிறார்கள். தூங்கி எழுந்தாலும் திரௌபதி சபதம் முடிந்திருக்காது. கடைசி நாள் காலையில் படுகளம். துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகத் தரையில் படுக்கவைத்து, அவன் மேலேயே சண்டை நடக்கும். பார்க்கிறவர் யார், ஆடுகிறவர் யார் என்பது அங்கே குழம்பிப்போகும். ஒரே ஒரு தடவையாவது போய்வாருங்கள், தலையணையோடு.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

கூத்துக்கும் சங்கமத்துக்கும் தாராளமாக. கச்சேரிக்கு மத்தியானம், கடைசி வரிசை, கதவோரம். தனி ஆவர்த்தனத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நன்றாகக் கேட்கிறார்கள்.

கைப்பேசியில் பதிவு செய்யலாமா?

வேண்டாம். பல அரங்குகளில் தடை, தடை இல்லாத இடத்திலும் உங்கள் திரை வெளிச்சம் பின்னால் இருப்பவர் கண்ணில். பதிவு செய்ததை நீங்கள் திரும்பக் கேட்கப்போவதும் இல்லை.

இரவு வீடு திரும்புவது?

மாலைக் கச்சேரி ஒன்பது, ஒன்பதரைக்கு முடியும். சபா வாசலில் அந்த நேரம் ஆட்டோ கிடைப்பது குதிரைக் கொம்பு. இருநூறடி நடந்து பக்கத்துத் தெருவில் பிடியுங்கள். ராஜா அண்ணாமலை மன்றத்திலிருந்து உயர் நீதிமன்ற மெட்ரோவும், மியூசியம் தியேட்டரிலிருந்து எழும்பூர் நிலையமும், மயிலாப்பூர் சபாக்களிலிருந்து திருமயிலை பறக்கும் ரயிலும் பக்கம். கார் கொண்டுபோவதாக இருந்தால் மெயின் முடிந்ததுமே வண்டி நிறுத்திய இடத்தை நினைத்து மனசு அலைபாயும், அதனால் கொண்டுபோகாதீர்கள்.

கச்சேரி முடியப்போகிறது என்று எப்படித் தெரியும்?

துக்கடாக்கள் முடிந்து ஒரு சின்ன மௌனம் வரும். பாடகர் பக்கவாத்தியக்காரர்களைப் பார்த்துத் தலையசைப்பார். சௌராஷ்டிரத்திலோ மத்யமாவதியிலோ மங்களம் தொடங்கும். அதே நொடியில் அரங்கில் பாதி எழுந்து, பைகளை எடுத்து, பின் வழியாக நகரத் தொடங்கும். நீங்கள் உட்கார்ந்திருங்கள், இரண்டு நிமிடம்தான். கடைசி வரி முடிந்ததும் திரை விழும், இருக்கைகள் எல்லாம் மடங்கி ஓயும், தம்புரா மட்டும் திரைக்குப் பின்னால் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கும். அதை நிறுத்த யாருக்காவது ஞாபகம் வரும்வரை.